ஊராட்சி அறையில் பூட்டிக் கிடக்கும் இணையத்தை ஊருக்குத் திறந்துவிடுவது எப்படி

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கிராம ஊராட்சியில் குடியிருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் ஊராட்சி சேவை மையத்திலோ வேறு ஒரு அரசுக் கட்டடத்திலோ ஒரு இரும்புப் பெட்டி இருக்க வேண்டும். உள்ளே ரவுட்டர், யுபிஎஸ், பேட்டரி. அந்தப் பெட்டிக்குள் வந்து முடிகிற மெல்லிய வடம்தான், ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் கண்ணாடி இழை. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் இதைக் கொண்டுபோவதுதான் திட்டம், ஒவ்வொரு ஊராட்சிக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் வரை தரக்கூடிய அளவில். பல ஊர்களில் பெட்டி வந்துவிட்டது. அதிலிருந்து ஊருக்கு என்ன வந்தது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மேல்நிலைத் தொட்டி கட்டி, தண்ணீரும் ஏற்றிவிட்டு, தெருக்குழாய் போடாமல் விட்டால் எந்த ஊரும் சும்மா இருக்காது. காலிக்குடத்தோடு சாலையில் உட்கார்ந்துவிடுவார்கள். இணையப் பெட்டி விஷயத்தில் அந்தக் கோபம் வராததற்குக் காரணம், அது நம்முடையது என்ற எண்ணமே நமக்கு இல்லாததுதான். அதனால் முதலில் காசு யாருடையது என்று பார்த்துவிடலாம், அதற்குப் பிறகு பெட்டியைத் தேடலாம்.

காசு உங்களுடையது

தொலைபேசி நிறுவனங்கள் தங்களுடைய சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை ஒரு பொது நிதிக்குக் கட்ட வேண்டும். 2002இல் தொடங்கிய ஏற்பாடு இது. 2003இல் தந்திச் சட்டத்தைத் திருத்தி இதற்குச் சட்டப்படியான இடம் கொடுத்தார்கள், 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் இதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி என்று மாறியது. நிறுவனம் கட்டுகிறது என்று பெயர், ஆனால் வருவாய் என்பது நீங்களும் நானும் மாதாமாதம் செய்யும் ரீசார்ஜ்தானே. லாபம் வராத ஊருக்குத் தனியார் வடம் இழுக்கமாட்டார்கள், அதனால் எல்லோரிடமும் கொஞ்சம் எடுத்து அந்த ஊர்களுக்கும் இழுப்போம் என்பதுதான் இதன் கணக்கு. நியாயமான கணக்குதான்.

இந்த நிதியை வைத்து 2011 அக்டோபரில் தேசியக் கண்ணாடி இழைத் திட்டம் என்று ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 20,000 கோடி ரூபாயில் இரண்டே ஆண்டில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைத்துவிடுவதாகப் பேச்சு. இரண்டு ஆண்டில் முடியவில்லை. 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது, 2017இல் இரண்டாம் கட்டம் வந்தபோது இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து 42,068 கோடி என்றார்கள், 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ஒதுக்கினார்கள். இரண்டாம் கட்டத்தில் எட்டு மாநிலங்கள் வேலையைத் தாங்களே செய்வதாக எடுத்துக்கொண்டன, தமிழ்நாடு அதில் ஒன்று. அதற்காக உருவான மாநில அரசு நிறுவனம்தான் டான்ஃபிநெட், முழுப்பெயர் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம். இங்கே செலவு சுமார் 1,815 கோடி. டெண்டரில் புகார் கிளம்பி, 2020இல் மத்திய அரசு மறுடெண்டர் விடச் சொல்லி, அதிலேயே காலம் போனது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்கும்போது "இது கவர்மென்ட் லைன், உங்களுக்கு எதுக்கு" என்று யாராவது சொன்னால் வாயடைத்துத் திரும்பி வரக்கூடாது என்பதற்காக.

பெட்டியைக் கண்டுபிடியுங்கள்

நேரில் போய்ப் பாருங்கள், போனில் கேட்காதீர்கள். ஊராட்சிச் செயலரிடம் "பாரத்நெட் ரேக் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். சாவி ஒப்பந்தக்காரரின் ஆளிடம், அவர் வேறு தாலுகாவில், என்பது அடிக்கடி வரும் பதில். கட்டடம் ஊராட்சியுடையதாக இருந்தால் கட்டடத்துக்குள் போக ஊராட்சியின் அனுமதி போதும். பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லை, வெளியிலிருந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் பிடுங்கிக் கிடந்தால் கதை அங்கேயே முடிந்தது, ஃபேன் போடுவதற்காக யாரோ பிடுங்கியிருப்பார்கள். அடுத்து விளக்குகள். சிலவகைக் கருவிகளில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு ஒன்று இருக்கும், அது சிவப்பாக எரிந்தால் வடத்தில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள், அதாவது வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கழன்று தொங்கும் வடத்தின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக்கூடாது. உள்ளே போகிற லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாமலேயே கண்ணைக் கெடுத்துவிடும்.

அறுந்து போவது சாதாரணமாக நடக்கும். தமிழ்நாட்டில் இந்த வடத்தின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாக வருகிறது, மீதி தரைக்கடியில். கம்பம் மாற்றினால், மரம் விழுந்தால், உயரமாக வைக்கோல் ஏற்றிய வண்டி போனால் அறுந்துவிடும், போதாக்குறைக்குத் திருட்டு வேறு. செம்புக் கம்பி என்று நினைத்து வெட்டிக்கொண்டு போகிறவர்களுக்காகவே "இதில் உலோகம் எதுவும் இல்லை, மறுபடி பயன்படுத்தவும் முடியாது" என்று மாவட்ட ஆட்சியர்கள் செய்திக்குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது. பழைய அமைப்பில் ஒரு வட்டாரத்திலிருந்து ஊராட்சிகளுக்கு வரிசையாக ஒரே வழியில் வடம் போகும், நடுவில் ஓர் இடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் போச்சு. 2023இல் திருத்திய திட்டத்தில் இதை வளையமாக மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக வந்து சேரும். உங்கள் ஊர் எந்த வகை என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகிறது என்றால் அதிலிருந்து எங்கெங்கே இணைப்பு போகிறது என்று பாருங்கள். ரவுட்டரிலிருந்து ஒரு ஒயரும் வெளியே போகவில்லை என்றால் பளபளவென்று விளக்கெரிந்தும் பயனில்லை. ஊராட்சியின் சொந்தக் கணினிக்காவது போகிறதா? வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதி எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்ட காலத்தில், ஊராட்சிச் செயலர் தன் சொந்தக் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தால், ஐந்தடி தூரத்தில் அந்தப் பெட்டி சும்மா இருக்கிறது என்றால், அவரும் உங்கள் பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் திட்டாதீர்கள். பெட்டியை இயக்கும் அதிகாரம் அவரிடம் கிடையாது.

ஒயர் வழியாக மடிக்கணினியைச் செருக அனுமதித்தால் வேகத்தையும் பார்த்துவிடுங்கள். வைஃபை இருந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் மைஸ்பீட் செயலி போதும். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தபட்சம் நொடிக்கு 2 மெகாபிட் வேண்டும் என்று 2023 ஜனவரியில் வரையறையை உயர்த்தினார்கள். அது ரொம்பக் குறைவான அளவு, அதற்கே திணறினால் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க அந்த ஒரு காரணமே போதும். தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

(பேரூராட்சியில் இருப்பவர்களுக்கு: பாரத்நெட் கிராம ஊராட்சிகளுக்கான திட்டம். உங்கள் ஊரில் இந்தப் பெட்டி இல்லை என்றால் அது திருட்டுப் போகவில்லை.)

ஊராட்சி என்றால் ஊர் முழுக்க இல்லை

இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இது. 12,525 ஊராட்சிகள் என்கிறோம், அதற்குள் குக்கிராமங்கள் எத்தனை தெரியுமா? 79 ஆயிரத்துக்கும் மேல். சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. வடம் வந்து நிற்பது அதில் ஒன்றில், ஊராட்சி அலுவலகம் இருக்கும் தாய்க்கிராமத்தில். சேரி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், மலையடிவாரத்தில் ஒரு குடியிருப்பு இருக்கலாம், ஏரிக்கு அந்தப் பக்கம் இருளர் வீடுகள் இருக்கலாம். "எல்லா ஊராட்சியும் இணைக்கப்பட்டது" என்ற அறிக்கை வரும்போது இவர்கள் எல்லோரும் இணைந்துவிட்டதாகக் காகிதத்தில் ஆகிவிடும்.

அதனால் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து உங்கள் ஊராட்சியின் குக்கிராமங்களை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே உள்ள பொதுக் கட்டடம் எது என்று எழுதுங்கள்: தொடக்கப்பள்ளி, அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், ரேஷன் கடை, நூலகம், சமுதாயக்கூடம். அப்புறம் அதில் எதற்கு இப்போது இணைய இணைப்பு இருக்கிறது, யார் கட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். தலைமையாசிரியர் தன் கைக்காசில் கட்டுவது தெரியவந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் சிக்னலுக்காகத் திணறும்போது கியூவில் நிற்கிறவர்களுக்கு இந்தத் தாளின் அருமை தானாகப் புரியும். கிராமசபையில் நீங்கள் வைக்கப்போகும் ஆதாரம் இந்தத் தாள்தான், நான்கு பக்கக் கோரிக்கை மனுவைவிட இது வேலை செய்யும்.

எந்த இடத்தில் திறப்பது என்பதுதான் பாதி விஷயம்

பொது வைஃபை வைக்கலாம் என்று முடிவானால் பெட்டி இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுவார்கள், அதுதான் சுலபம். ஊராட்சி அலுவலக வாசலில் சாயங்காலம் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஆண்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை கல்லூரி விண்ணப்பம் போடுவதற்கு ஆறு மணிக்கு மேல் அந்தத் திண்ணைக்கு வரமாட்டாள், வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். சில ஊர்களில் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது என்பதற்குச் சாதிக் கணக்கும் இருக்கிறது, அதைத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். அங்கே வைக்கிற வைஃபை சட்டப்படி எல்லோருக்கும் பொது, நடப்பில் பாதிப்பேருக்கு இல்லை.

என் யோசனை நூலகம். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள், அதில் பல இப்போது பூட்டிக் கிடக்கின்றன அல்லது பிளீச்சிங் பவுடர் மூட்டை வைக்கும் இடமாகிவிட்டன. கட்டடம் இருக்கிறது, வடம் இருக்கிறது, நடுவில் சில நூறு மீட்டர் ஒயரும் திறந்து மூட ஓர் ஆளும்தான் தேவை. மகளிர் குழுக் கட்டடமும் நல்ல இடம். குழுவினரிடமே சாவியைக் கொடுத்து, மாலையில் இரண்டு மணி நேரம் பெண்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் என்று வைத்தால் கூட்டம் தானாக வரும். தூரத்துக் குடியிருப்பில் ஒரு பொது இடமாவது இணைப்பு பெற வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள், கடைசிக் கோரிக்கையாக வைத்தால் அது கடைசிவரை வராது.

டீக்கடைக்காரரும் வைஃபை விற்கலாம்

அரசு தருவதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒரு வழியும் இருக்கிறது. 2020 டிசம்பரில் பிஎம் வாணி என்ற ஏற்பாட்டுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எஸ்டிடி பூத் ஞாபகம் இருக்கிறதா, அதே மாதிரி பெட்டிக்கடை, டீக்கடை, ஜெராக்ஸ் கடை யார் வேண்டுமானாலும் பொது வைஃபை நடத்தலாம். உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், அரசுக்குக் கட்டணமும் வேண்டாம். கடைக்காரர் ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கி, தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்த ஒரு ஒருங்கிணைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, ஒரு ரவுட்டர் வைத்தால் போதும். வாடிக்கையாளர் செயலியில் கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டு, சிறிய தொகைக்கு டேட்டா வாங்கிக்கொள்வார்.

நல்ல திட்டம், ஆனால் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. கடைக்காரருக்கு வீட்டு இணைப்பின் விலையில் தராமல் நிறுவனங்கள் பெருநிறுவன இணைப்பின் விலை கேட்டது ஒரு பெரிய காரணம். 2025 ஜூனில் ட்ராய் இதற்கு ஒரு வரம்பு போட்டது, இந்தப் பொது வைஃபைக் கடைகளுக்கு விற்கும் இணைப்பின் விலை அதே வேகமுள்ள வீட்டு இணைப்பின் விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று. உங்கள் ஊரில் யாராவது முயன்று விலையைக் கேட்டுக் கைவிட்டிருந்தால் இப்போது மறுபடி கேட்கச் சொல்லுங்கள். மகளிர் குழு ஒன்று இதை எடுத்து நடத்தினால் இன்னும் நல்லது, வருமானம் சின்னதுதான், ஆனால் யார் வரலாம், எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்வது அவர்கள் கையில் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ஏதாவது நிறுவனம் வந்து "நாங்கள் இலவசமாக வைஃபை போட்டுத் தருகிறோம், எங்கள் செயலி மட்டும், அல்லது நாங்கள் சொல்லும் தளங்கள் மட்டும் காசில்லாமல் வரும்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ஃபேஸ்புக் ஃப்ரீ பேசிக்ஸ் என்று இதையேதான் கொண்டுவந்தது. 2015இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ட்ராய்க்குப் போய், 2016 பிப்ரவரி 8 அன்று எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து விலையை மாற்றக்கூடாது என்று ட்ராய் விதி போட்டது. சாதாரண ஆட்கள் எழுதி அனுப்பிக் கிடைத்த விதி அது.

ஊருக்கு ஊர் எழுதிவைக்க வேண்டிய விதிகள்

பொதுக் காசில் திறக்கிற இணையம் என்றால் அதை யார் கண்காணிக்கிறார்கள் என்பதும் பொது விஷயம். பொது வைஃபைக்கு ஓடிபி போதும், ஆதார் எண் கேட்கத் தேவையில்லை. "ஒரு பாதுகாப்புக்கு" என்று நோட்டில் பெயர், ஆதார் எண், எந்தத் தளம் பார்த்தார் என்றெல்லாம் எழுதச் சொல்வார்கள், அதை முதல் நாளே மறுத்துவிடுங்கள். ஊராட்சியைக் குறை சொல்லி முதல்வரின் தனிப்பிரிவுக்கு மனு போடுகிறவரும் அதே வைஃபையில்தான் போடப்போகிறார். அவர் பார்த்த தளங்களின் பட்டியல் ஊராட்சித் தலைவரின் மேசையில் கிடந்தால் அப்புறம் எதற்கு அந்த இணைப்பு.

அரசே வடத்தின் உரிமையாளராக இருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்ததும் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். யார் இறந்தார்கள், யார் எந்த மருத்துவமனையில் என்று சொந்தபந்தங்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் எல்லா இணைப்பும் ஒரே வடத்தை நம்பி இருக்கக்கூடாது, தனியார் இணைப்பும் இருக்கட்டும், பொது இணைப்பும் இருக்கட்டும். 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்குள் வரும், முடக்கும் உத்தரவை வெளியிட்டாக வேண்டும், காலவரையில்லாமல் முடக்கக்கூடாது என்றது. உங்கள் பகுதியில் முடக்கினால் முதல் வேலையாக உத்தரவின் நகல் எங்கே என்று கேளுங்கள்.

பக்கத்து மாநிலத்தில் என்ன நடந்தது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளலாம். 2019இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது, விடுதியில் மாலை நேரத்தில் கைபேசி வைத்திருக்கத் தடை போட்டதை எதிர்த்து ஒரு மாணவி போட்ட வழக்கு. 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு தன் சொந்த வலையமைப்பான கேஃபோனைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு, முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 வீதம் 14,000 வீடுகள். இலக்குக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை வைத்து அங்கே நிறையச் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். "இணையம் உரிமை" என்று அரசே சொல்லிவிட்டதால்தான் அங்கே இந்தச் சண்டையைப் போடவே முடிகிறது.

கிராமசபையில் வைப்பது

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தன்று எழுந்து நின்று கத்தினால் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு வாரமாவது முன்னாலேயே பொருளை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத இடங்களில் தனி அலுவலரின் பெயருக்குக் கொடுங்கள்.

ஆள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மகளிர் குழுவினரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் இந்தக் கவலை இல்லை, நூறுநாள் வேலைக்காரர்களிடமும் பேசுங்கள். அவர்களுடைய கூலி வந்ததா இல்லையா என்று பார்ப்பதற்கும் இணையம்தானே வேண்டியிருக்கிறது.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "இணைய வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. இப்படி எழுதலாம்:

"நமது ஊராட்சியில் பாரத்நெட் திட்டத்தில் நிறுவப்பட்ட இணைப்பிலிருந்து, இன்றிலிருந்து 60 நாட்களுக்குள், (குடியிருப்பின் பெயர்) தொடக்கப்பள்ளிக்கும் ஊராட்சி நூலகத்துக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு வழங்குமாறு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தைக் கோருவது. கருவிகளுக்கான மின்கட்டணத்தை யார் ஏற்பது என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கோருவது. பொது வைஃபை பயன்படுத்துவோரிடம் ஆதார் விவரம் பெறுவதில்லை என்றும், பயன்பாட்டு விவரம் எதையும் ஊராட்சி சேகரிப்பதில்லை என்றும் முடிவு செய்யப்படுகிறது. ஊராட்சியின் மாத வரவு செலவு அச்சிட்டு நூலகச் சுவரில் ஒட்டப்படும்."

கடைசி வரியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். ஊராட்சியின் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் 2020 முதல் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். ஊருக்குள் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? திறந்த இணைப்பில் பிள்ளைகளே மாதம் ஒரு தடவை எடுத்து அச்சிட்டு ஒட்டிவிட முடியும். நூலகத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் காட்டிவிடுங்கள், அரசு காசு கொடுத்து நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன, அதுவும் உங்கள் வரிப்பணத்தில் வாங்கியதுதான்.

தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிய பிறகு, கூட்டம் கலைவதற்கு முன்னால், அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து போடுவதற்கு முன்னாலேயே வாசிக்க வேண்டும். சொன்னது ஒன்று எழுதியது ஒன்றாக இருப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லை என்றால்

தகவல் உரிமைச் சட்ட மனு. கட்டணம் 10 ரூபாய், மாநில அலுவலகத்துக்கு என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் போடலாம். யாருக்கு அனுப்புவது என்று குழம்ப வேண்டாம், டான்ஃபிநெட்டின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அவரிடம் இல்லாத தகவல் என்றால் உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு.

"ஏன் இணைப்பு வரவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் விளக்குவது அவர் வேலை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். எங்கள் ஊராட்சியில் பணி முடிந்ததாகப் பதிவான தேதியும் அதற்கான சான்றின் நகலும். கடந்த 12 மாதங்களில் இணைப்பு இயங்கிய நேரமும் துண்டித்துக் கிடந்த நேரமும், மாதவாரியாக. இந்த இணைப்பிலிருந்து இப்போது சேவை பெறும் அலுவலகங்கள், பள்ளிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் என்ன வேகம். பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், பழுதை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது, தவறியதற்கு இதுவரை பிடித்த அபராதம் எவ்வளவு. வடத்தில் உபரியாக உள்ள இழைகளைத் தனியாருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அதன் விவரம். இந்தக் கடைசிக் கேள்விக்கு வணிக ரகசியம் என்று பதில் வரக்கூடும், வந்தால் மேல்முறையீட்டில் பொதுநலன் என்று வாதாடலாம். அபராதக் கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள். பழுது பார்க்காமல் விட்டதற்கு யாருமே ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை என்று பதில் வந்தால், அடுத்த கிராமசபையில் பேச அதைவிட நல்ல தாள் கிடைக்காது.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்தது அரைகுறையாக இருந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, ஆனால் அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் மனுவிலேயே இன்னொரு வரியைச் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்: சட்டத்தின் 2(j) பிரிவு பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிட உரிமை தருகிறது. "எங்கள் ஊராட்சியில் நிறுவிய கருவிகளையும் அதன் பராமரிப்புப் பதிவேட்டையும் நேரில் பார்வையிட ஒரு நாள் குறித்துத் தரவும்" என்று எழுதுங்கள். நாள் குறித்துக் கொடுத்தால் பொறியாளரோ அவருடைய ஆளோ சாவியோடு வந்துதான் தீர வேண்டும். அன்றைக்குத் தலைமையாசிரியரையும் சுகாதார நிலையச் செவிலியரையும் மகளிர் குழுவில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், குக்கிராமப் பட்டியல் எழுதிய தாளைக் கையில் கொடுத்து, பள்ளிக்கு ஒயர் எந்த வழியாக இழுப்பது, எந்த வாரம் இழுப்பது என்பதை அங்கேயே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.